கொண்டல் அறை

அக்டோபர் 6, திங்கள்

இந்த நாட்குறிப்பு ஓட்டலில் கொடுத்தது. அட்டையில் 'கடல்மாடம்' என்று தங்க எழுத்து. அன்றாட வேலையைக் குறித்துவையுங்கள் என்றார் தாரிணி மேடம். அவர்தான் மேலாளர், சென்னைக்காரி. என் மகன் ஜெரோனைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். பினாயில் எவ்வளவு, துண்டு எவ்வளவு என்பதையெல்லாம் வேறு எதிலாவது எழுதிக்கொள்கிறேன். இவ்வளவு வழுவழுப்பான தாளில் பினாயிலைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிர் லாட்ஜில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். அங்கே படுக்கை விரிப்பு என்றால் பழுப்பு, தலையணை என்றால் கல். இங்கே அறைப் பராமரிப்புக்குத் தலைமை என்று என்னை எடுத்திருக்கிறார்கள். இன்று முதல்முறையாக உள்ளே போனதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தூத்துக்குடி முழுக்க 'டாக்டரம்மா ஆஸ்பத்திரி' என்று சொன்ன கட்டடமா இது! ஊரில் பாதிப் பேர் பிறந்த இடம். டாக்டரம்மா காலமான பிறகு பூட்டிப்போட்டு, வௌவால் குடியிருந்தது. இப்போது சுவரெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு, கையை வைத்தால் குளுகுளுவென்று இருக்கிறது. வார்டு வார்டாக அடைத்திருந்த பலகைத் தடுப்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். வாசலில் நின்றால் பின்பக்கம் வரைக்கும் தெரிகிறது, அதற்கப்பால் கடல். இத்தனை காலமும் கடல் அங்கேதான் இருந்திருக்கிறது, உள்ளே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

அறைகளுக்கு எண் கிடையாது. சின்ன அறைகளுக்குச் சங்கு, சிப்பிப் பெயர்கள். பெரிய அறைகளுக்குக் காற்றின் பெயர்கள். வடக்கே பார்த்தது வாடை, தெற்கே சோழகம், மேற்கே கச்சான், கிழக்கே கடலைப் பார்த்தது கொண்டல். கடலுக்குப் போகிற எங்கள் ஆட்கள் காற்றை இப்படித்தான் சொல்வார்கள். அதைக் கேட்டுத் தெரிந்து பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை.

கொண்டலுக்கு மட்டும் இன்று போகவில்லை. பெயின்ட் வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது.

அக்டோபர் 9, வியாழன்

இன்று ஒரு புது வேலை கற்றேன். படுப்பது!

"ஜெசிந்தா, ஒவ்வொரு ரூம்லயும் நீங்களே கட்டில்ல படுத்துப் பாக்கணும்" என்றார் தாரிணி மேடம். "நின்னுக்கிட்டுப் பாத்தா தரைதான் தெரியும். கெஸ்ட் மல்லாந்து படுத்துதான் ரூமைப் பாப்பாங்க. அவங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை நீங்க முதல்ல பாத்துடணும். உங்க ஓகே இல்லாம எந்த ரூமும் திறக்காது."

முதலில் வாடையில் படுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான். விரிப்பு சில்லென்றிருந்தது. மேலே பர்மாத் தேக்கு உத்தரம் பளபளக்கிறது. முன்பு அதைத் தகரம் வைத்து மறைத்திருந்தார்களாம். மேடம் சொன்னது சரிதான். நின்றபோது கண்ணில் படாத ஒட்டடை, படுத்ததும் நேரே முகத்துக்கு மேலே தொங்கியது. ஒட்டடையை அடித்துவிட்டு மறுபடி படுத்தேன். சும்மா, கூடக் கொஞ்ச நேரம். காலை நீட்டிப் படுத்தால் திட்டு வாங்கிய வேலையெல்லாம் பார்த்துவிட்டேன், படுக்கச் சொல்லிச் சம்பளம் கொடுக்கும் வேலை இதுதான் முதல்.

ராத்திரி வீட்டில் இவரிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னதும் சிரித்தார். "ஓட்டல்காரன் உன்னையக் கெடுக்கப் போறான்" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "எல்லா ரூம்லயும் படுக்கணுமா?" என்று கேட்டார்.

"எல்லாத்துலயும்தான்."

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். மீன் குழம்பு மீந்துவிட்டது.

அக்டோபர் 11, சனி

வாடை, சோழகம் முடிந்தன. கொண்டல் திங்கட்கிழமை.

அக்டோபர் 13, திங்கள்

மாடியில் கச்சானை முடித்தேன். எதிர்க் கதவு கொண்டல். போகலாம் என்று நினைத்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் பட்டறைக்குப் போய் இவரோடு வண்டியில் வீட்டுக்கு வந்தேன். லாஞ்சு என்கிற விசைப்படகுகளுக்கு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை அது. 'ஸ்டெல்லா மரைன் ஒர்க்ஸ்' பலகையில் பெயின்ட் உரிந்திருந்ததை இவரே புதுப்பித்திருக்கிறார். முதலாளியிடம் வேலை பார்த்ததை விட்டுச் சொந்தமாகத் தொடங்கிய நாளிலிருந்து அதே பெயர்தான். "எவ அந்த ஸ்டெல்லா? இத்தனை வருஷமா மறைச்சு வச்சிருக்கீயளே" என்று நான் வம்புக்கு இழுக்காத வருஷம் இல்லை. இவரும் மாறாமல் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "கடல் மாதாவுக்கு உள்ள பேருல்லா அது."

அக்டோபர் 16, வியாழன்

கொண்டலில் படுத்துப் பார்க்கப் பேச்சியை அனுப்பினேன். என்னிடம் வேலை பார்க்கும் பெண்களில் அவள்தான் சூட்டிகை. போனவள் போனவள்தான். கடைசியில் இன்னொருத்தியை அனுப்பினால், பேச்சி குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாளாம்!

"எக்கா, கோவப்படாதீங்க" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "அது ரூமா எக்கா? சொர்க்கம்லா! ஜன்னலத் தொறந்தா கட்டிலுக்கே கடல் வந்துருது. எப்பக் கண்ண மூடுனேன்னே தெரியல."

"மேல பாத்தியா? ஒட்டடை இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. உத்தரத்துல ஒரு இரும்புக் கொக்கி இருக்கு, அம்புட்டுதான்."

அந்தக் கொக்கியை இன்னும் கழற்றவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. மேடத்திடம் கொண்டல் முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அறிவித்தார்: நவம்பர் மாதம் முழுக்க இறந்தவர்களுக்காகச் செபிப்போம், கல்லறைத் திருநாள் முடிவதற்குள் உங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைக் கொடுங்கள். வருஷாவருஷம் கொடுப்பதுதான். என் அப்பா, அம்மா, மாமனார், மாமியார், தோணியோடு போய்த் திரும்பாத கொழுந்தன் லியோன். ஐந்து பெயரையும் சொல்லிவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன். "அவ்வளவுதானா?" என்று பெயரை எழுதிக்கொள்ளும் கோயில் உபதேசியார் கேட்பார். அவ்வளவுதான் என்பேன்.

அவ்வளவு இல்லை. இன்று எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப்போகிறார்கள்.

ஜெரோனுக்கு முன்னால் ஒரு பெண். கொண்டல் என்று இப்போது பெயர் மாட்டியிருக்கும் அறைதான் அன்றைக்குப் பிரசவ அறை. அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தேன். ரத்தம் நிற்கவில்லை, நினைவு போய்விட்டது. கண் விழித்தபோது, பிள்ளை செத்தே பிறந்தது என்று அம்மா சொன்னாள். நான் முகம்கூடப் பார்க்கவில்லை. "அடக்கம் பண்ணியாச்சு" என்றார் இவர். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளைகளை எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, சுவரோரம்தான் புதைப்பார்கள். அதை இவர் வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று நான்தான் இவரிடம் சொன்னேன்: "உசுரோட பொறந்து கஷ்டப்படாமப் போச்சே, அந்த மட்டுக்கும் மாதாவுக்குத் தோத்திரம்." இவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஜெரோனைப் பாளையங்கோட்டையில் போய்த்தான் பெற்றேன்.

எனக்கு ஒரே ஒரு குறைதான். அவளுக்குப் பெயர் இல்லை. பெயர் இருந்தால் ஆறாவதாகச் சொல்லலாம். வருஷத்துக்கு ஒருமுறையாவது கோயிலில் யாராவது அவளைக் கூப்பிடுவார்கள்.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி முடிந்து பேச்சி வந்தாள். வந்ததும் வராததுமாக, கொண்டலில் தூங்கிய கதையை மேடத்திடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

தாரிணி மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். "உங்க கண்ணை நம்பித்தான் ஜெசிந்தா இந்த வேலையைக் கொடுத்தேன்" என்றார். "நம்மகிட்ட இருக்கிறதுலயே அதுதான் பெஸ்ட் ரூம். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, சென்னைலேருந்து வேற ஆளை வரவழைக்கிறேன். ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை ஒண்ணும் இல்ல மேடம்."

இந்த வேலை எனக்கு வேண்டும். அந்தச் சுவர்களை, உத்தரத்தை, வெயில் தரையில் விழுவதை, எல்லாவற்றையும் என்னுடையதாக நினைக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு கதவுக்காக விட்டுக்கொடுப்பதா?

அக்டோபர் 24, வெள்ளி

கதவு வரைக்கும் போனேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இவர் காலையிலேயே மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். திருநாளுக்கு முன் எல்லோரும் செய்வதுதான். மதியம் ஆகியும் ஆளைக் காணோம். வந்தபோது முடியெல்லாம் சுண்ணாம்பு. இரண்டு கல்லறைக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டதற்கு, "பெரிய சிலுவைக்குப் பின்னால புல்லு மண்டிக் கெடந்துச்சு" என்றார்.

ஊர்ச் சிலுவைக்கு இவர் ஏன் புல் வெட்ட வேண்டும்? லியோனுக்காக இருக்கும். கடலில் போனவர்களுக்குக் கல்லறை ஏது, பெரிய சிலுவையடியில்தான் மெழுகுவத்தி வைப்போம். வருஷாவருஷம் இவர் ஒரு மெழுகுவத்தி கூடுதலாகவே வாங்குவார். ஐந்து பேருக்கு எதற்கு ஆறு என்றால், காற்றில் ஒன்று போய்விடும் என்பார். ஒன்றும் போனதில்லை, ஆனாலும் ஒன்றும் மிஞ்சியதில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

இன்று நடந்ததை எழுத வேண்டும். முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் ஓட்டல் முதலாளி வீட்டுப் பெரியவர் திருஷ்டிப் பூசணி உடைக்க வேண்டும் என்றார். நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? உடைத்த காண்டிராக்டர் தெருவில் போய் உடைத்திருக்க வேண்டாமா? எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கிய வெள்ளைக்கல் படியின் மேலேயே, உள்ளே இருந்த குங்குமத்தோடு ஓங்கிப் போட்டுவிட்டார். படி முழுக்க ரத்தக் களரி. நாளைக்குத் திறப்பு விழா. தாரிணி மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அது என் படி. யாரையும் நம்பாமல் நானே முட்டி போட்டு உட்கார்ந்து தேய்த்தேன்.

"ஏ பிள்ள, தேங்கா நார வச்சுத் தேயி. ஆயாமாரு அப்பிடித்தான் தேய்ப்பாளுவ."

அந்தக் குரலைக் கேட்டதும் தேய்ப்பதை நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை, கையில் குடை. முகம் எனக்கு ஞாபகமில்லை. குரலை எப்படி மறப்பேன்? "முக்கு பிள்ள, நல்லா முக்கு" என்று பிரசவத்தன்று என் காதில் கத்திய குரல்.

"நான் தெரசிட்டா நர்சு. ரிட்டையர் ஆவுற வரைக்கும் இங்கதான் கெடந்தேன். ஒரு எட்டு உள்ள பாத்துட்டுப் போலாம்னா வாச்சுமேன் விடமாட்டேங்கான்."

என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்தவர்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு கூட்டிப்போனேன். கீழே எதையும் அவர்கள் நின்று பார்க்கவில்லை, கைப்பிடியைப் பிடித்து விறுவிறுவென்று மாடி ஏறிவிட்டார்கள். ஏறியவர்கள் நேரே கொண்டல் கதவில்தான் போய் நின்றார்கள்.

"தொற பிள்ள. இதான் பிரசவ ரூம்பு."

சாவி என் இடுப்பில் இருந்தது. திறந்தேன்.

எதை எதிர்பார்த்துப் பயந்தேனோ, அது எதுவும் உள்ளே இல்லை. வெளிச்சம்தான் இருந்தது. கிழக்குச் சுவரை அப்படியே சன்னலாக்கியிருக்கிறார்கள். கடல் மினுமினுப்பது கூரை வரைக்கும் ஏறி அசைந்துகொண்டிருந்தது. நர்சம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"ஏசுவே, இம்புட்டு வெளிச்சமா இங்க! நாங்க சன்னல அடைச்சுல்லா வச்சிருந்தோம்."

பிறகு ஒவ்வொரு இடமாகக் கையைக் காட்டினார்கள். இங்கே மேசை, இங்கே ஆக்சிஜன், அந்த மூலையில் குழாய். "அந்தக் குழாய்த் தண்ணிலதான் எத்தன பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் குடுத்துருக்கேன்."

பிழைக்காது என்று தெரிந்த பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாது. பக்கத்தில் இருக்கிற யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். எங்கள் வேதத்தில் உள்ள வழக்கம் அது. எனக்கும் தெரிந்ததுதான்.

"செத்துப் பொறந்த பிள்ளைக்கும் ஊத்துவீயளா?" என்று கேட்டேன்.

"அதெப்பிடி? உசுரு இருக்கணும்லா." நர்சம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மெத்தையைத் தடவிக்கொண்டே சொன்னார்கள். "எல்லாம் எங்க ஞாபகம் இருக்கு. ஒண்ணு மட்டும் மறக்கல. பொட்டப்பிள்ள. தாயிக்கு ரத்தம் நிக்காம டாக்டரம்மா அந்தப் பக்கம் போராடுதாவ. பிள்ளைக்கு இந்தப் பக்கம் மூச்சு இழுக்கு. என் ரெண்டு கையும் பிள்ளைகிட்ட. தகப்பன உள்ள வாலேன்னு கூப்பிட்டேன். லாஞ்சு மெக்கானிக்கு, வேலைய அப்பிடியே போட்டுட்டு ஓடி வந்தவன், கையெல்லாம் கிரீசு. கழுவச் சொல்ல எங்க நேரம்? நீயே ஊத்து, பேரச் சொல்லுன்னேன். கையில தண்ணியப் பிடிச்சு ஊத்துனான். ஸ்டெல்லான்னு சொன்னான். பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு நான் சொல்லச் சொல்ல அவனும் சொன்னான். பிள்ள நெத்தில அவன் கை பட்டு ஒரு கிரீசுக் கறை. அத நான் தொடைக்கல. அப்பிடியே துணியில சுத்தி அவன் கையில குடுத்தேன். கொஞ்ச நேரம் வச்சிருந்தான். அவன் கையிலதான் போச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். குளுகுளுவென்று இருந்தது.

"தாயிக்குத் தெரியுமா?"

"அவ பிழைப்பாளான்னே தெரியாமக் கெடந்தா. பெறகு நானே பையச் சொல்லிக்கிடுதேன்னான். சொல்லிருப்பாம்லா?"

"சொல்லியிருப்பாரு" என்றேன்.

நர்சம்மாவுக்குக் காபி கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, மறுபடி மேலே ஏறினேன். செருப்பைக் கழற்றினேன். கொண்டலில் படுத்தேன். உத்தரம், அதில் அதே கொக்கி. கொக்கியைச் சுற்றிக் கடல் வெளிச்சம் ஆடியது. இதே இடத்தில், ஒரு கை தூரத்தில், என் மகள் உயிரோடு இருந்திருக்கிறாள். பெயரோடு இருந்திருக்கிறாள். அந்தப் பெயரைத்தான் வருஷக்கணக்காக நான் கேலி பேசியிருக்கிறேன். தலையணை நனைய அழுதேன். வருத்தம்தானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பூசையில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது உடம்பெல்லாம் சிலிர்க்குமே, அப்படி இருந்தது.

பிறகு எழுந்து தலையணை உறையை மாற்றினேன். மேடத்திடம் போய், "கொண்டல் திறக்கலாம்" என்றேன்.

இவரிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 1, சனி

திறப்பு விழா. படியில் கறையே இல்லை. ஊரே வந்து வாயைப் பிளந்தது. "நான் இங்கதான் பொறந்தேன்" என்று சொல்லிக்கொண்டு பெரிய பெரிய ஆட்களெல்லாம் அறை அறையாகச் சின்னப்பிள்ளை மாதிரி எட்டிப் பார்த்தார்கள். கொண்டலின் முதல் விருந்தாளிகள் கைக்குழந்தையோடு வந்தார்கள். தொட்டில் கேட்டார்கள். நானே கொண்டுபோய் விரித்துக் கொடுத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். சாயங்காலம் போனபோது தோட்டம் முழுக்க மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்தக் காட்சி எனக்குச் சலிக்காது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏற்றினோம். மாமனாருக்கும் மாமியாருக்கும் ஏற்றினோம். பெரிய சிலுவையடியில் லியோனுக்கு ஏற்றினோம். வழக்கமாக அங்கிருந்து நான் தெரிந்தவர்களோடு பேசப் போய்விடுவேன். இன்று போகவில்லை.

இவர் தயங்கினார். பிறகு சிலுவைக்குப் பின்னால் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே சின்னச் சின்னக் கற்கள் வரிசையாக இருக்கின்றன, ஒன்றிலும் பெயர் இல்லை. சுவருக்கு உள்ளேதான். ஒன்றில் மட்டும் புதுச் சுண்ணாம்பு பளிச்சென்றிருந்தது. இவர் குந்தி உட்கார்ந்து தீக்குச்சியைக் கிழித்தார். கொண்டல் காற்று அணைத்தது. இன்னொன்றைக் கிழித்தார், அதுவும் அணைந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்து மறைத்தேன்.

"குடுங்க. ஸ்டெல்லாவுக்கு நான் ஏத்துதேன்."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணியது. நான் மெழுகுவத்தியை வாங்கி ஏற்றிக் கல்லில் ஒட்டி வைத்தேன்.

"நர்சம்மா வந்திருந்தாவ" என்றேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் ஜெசி. நீ மாதாவுக்குத் தோத்திரம்னு சொல்லிட்டே. கஷ்டப்படாமப் போச்சேன்னு நீ அந்த ஒண்ணத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தே. அதையும் எப்பிடிப் பிடுங்குவேன்?"

இவர்மேல் கோபப்பட வேண்டும் என்று இரண்டு நாளாக முயன்றுகொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் ஒற்றை ஆளாக இந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்மேல் எப்படிக் கோபப்படுவது?

"கஷ்டப்பட்டாளா?" என்று கேட்டேன்.

"முதல்ல மூச்சு இழுத்துச்சு. என் கைக்கு வந்த பெறகு அழல, ஒண்ணும் செய்யல." இவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு கொட்டாவி விட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில், அத்தனை பேருக்கு நடுவில், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். "பிரசங்கம்னா கொட்டாவி விடுற உங்க பிள்ளதான்" என்றேன். இவரும் சிரித்தார், பிறகு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். மெழுகுவத்தி அணையவில்லை.

திரும்பும் வழியில் கோயிலில் பெயர் கொடுக்கப் போனோம். நான் வழக்கம்போல ஐந்து பெயரையும் சொல்லி நிறுத்தினேன்.

"அவ்வளவுதானா?" என்றார் உபதேசியார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம்.